கைகாட்டி நின்ன இடம்

வாங்க, வாங்க. உடுமலையில இருந்து வர்றேன்னு போன்ல சொன்னவர் நீங்கதானுங்களே? செருப்பக் கழட்ட வேண்டாமுங்க, இது ஊடு இல்ல, ஷெட்டு. அப்படியே உள்ள வந்துருங்க. அந்த கேட்டுத் தூண் பேந்து கெடக்கறதப் பாத்துட்டு வண்டிய சந்தேகப்படாதீங்க. அது கொத்தனாரு பண்ணுன வேலை. தூண ஒரு சாண் உள்ள தள்ளிக் கட்டிட்டான். மூணு தடவ ஒரசிருச்சு. மூணும் அந்த இடது பக்கத் தூண்தான், வலது பக்கத்துல ஒரு கீறல் இருக்குதா பாருங்க. அப்பத் தப்பு தூண் மேலதானுங்களே?

உக்காருங்க. அட, அங்க வேண்டாம். சேர இழுத்து என்ற வலது கைப்பக்கமாப் போட்டுக்குங்க. அந்தப் பக்கம் உக்காந்தா பேசறதுக்குத் தோதுப்படாது.

இதானுங்க வண்டி. எழுபத்தொம்பதாம் வருசத்து ஜீப்பு. பதினாலு வருசமா என்றகிட்ட இருக்குது. என் பேரு ரத்தினசபாபதி. தடாகம் ரோட்டுல பம்பு வார்க்கற பவுண்டரி நடத்திட்டு இருந்தேன், இப்ப மகளும் மருமகனும் பாத்துக்கறாங்க. பவுண்டரியக் கூட கைமாத்தி விட்டுட்டனுங்க, இந்த வண்டிச் சாவிய ஒருத்தர் கையில குடுத்ததில்ல. நாலு சக்கரமும் இழுக்கும். லோ கியரப் போட்டுட்டு நீங்க பாட்டுக்கு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துருங்க, பாறை மேல பூனையாட்டம் ஏறும்.

ஏன் விக்கறீங்க, வண்டில கோளாறான்னு போன்ல கேட்டீங்க. வண்டில ஒரு கோளாறும் இல்லீங்க. கோளாறு ஊட்டுக்குள்ள. என்ற சம்சாரம் என்ற கழுத்த அறுத்துட்டா. முப்பத்தொரு வருசம் கூடக் குடும்பம் நடத்துன பொம்பளைங்க. ஒரு சனிக்கிழம, ஒரு ஞாயித்துக்கிழம. அந்த ரெண்டே நாள்ல முடிச்சுட்டா.

சிரிக்காதீங்க. காப்பி வர்ற வரைக்கும் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எங்க கிளப்பு பேரு நொய்யல் ஜீப் கிளப்புங்க. இருபது வண்டி. வருசத்துக்கு நாலு தடவ, ரோடுங்கறதே இல்லாத எடமாப் பாத்துப் போறது. பாறை, சேறு, ஓடை, பள்ளம். காட்டுக்குள்ள எல்லாம் போறதில்லீங்க, அது தப்பு. தோட்டக்காரங்ககிட்டச் சொல்லி வெச்சு, அவங்க எடத்துக்குள்ளதான். நல்லா தார் ரோடு இருக்கையில எதுக்குடா பாறையில ஏத்தறீங்கன்னு என்ற மச்சானே கேக்கறான். அதுக்கு என்னத்தச் சொல்றது? ஏத்திப் பாத்தவனுக்குத்தான் தெரியும். வண்டி மொகத்தத் தூக்கீட்டு நிக்கும், கண்ணாடியில வானம் மட்டும்தான் தெரியும் பாருங்க. அதுக்கு ஈடு ஒண்ணும் கெடையாது.

வானம் மட்டுந்தான் தெரியும்னேன் இல்லீங்களா, அப்பச் சக்கரம் எங்க போகுதுன்னு ஓட்டறவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதுக்குத்தான் ஒரு ஆளு கீழ எறங்கி முன்னால நிக்கோணும். கிளப்புல ஸ்பாட்டர்னு சொல்லுவாங்க, நான் கைகாட்டின்னுதான் சொல்றது. அவங்க இடதுன்னு காட்டுனா இடது. வான்னா வரோணும். ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் குறுக்க வெச்சா, போட்ட எடத்துல பிரேக்கு. ஒரு வண்டிக்கு ஒரு கைகாட்டிதான். வேற ஆரு கத்துனாலும் காதுல வாங்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல மொத விதி ஒண்ணு இருக்குது. கைகாட்டி கண்ணுக்குத் தெரியலீன்னா அந்த நொடியே வண்டி நிக்கோணும். எங்க போனாங்க, என்ன ஆச்சுன்னு எல்லாம் யோசிக்கப்படாது. நின்னுட்டு அப்பறம் யோசி. புதுசா வர்றவங்களுக்கு இத ஒம்பது வருசமாச் சொல்லிக் குடுத்தது நான்தானுங்க. பள்ளிக்கூடப் புள்ளைகளாட்டம் மூணு தடவ திருப்பிச் சொல்ல வெப்பேன்.

என்ற கைகாட்டி வசந்தாமணி. என்ற சம்சாரந்தான். பதினொரு வருசமா அவதான். மத்த ஊட்டுப் பொம்பளைக எல்லாம் மரத்தடியில சமுக்காளத்த விரிச்சு முறுக்குத் தின்னுட்டு இருப்பாங்க, இவ மொத தடவையே சேலைய முட்டிக்கு மேல சொருகீட்டு ஓடையில எறங்கி நின்னுட்டா. அப்பறம் பேண்டு, பூட்ஸு, ஆரஞ்சுக் கலர் ஜாக்கெட்டு எல்லாம் வாங்கிக் குடுத்தேன். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க. கத்துக் குடுங்க மாமான்னு ஒருக்காக் கேட்டா. உனக்கெதுக்குடி அந்த வம்புன்னுட்டேன். ஆனா சக்கரம் எங்க விழும், எந்தக் கல்லு உருளும், எந்தக் கல்லு நிக்கும், அத்தனையும் பாத்தாலே சொல்லிப்போடுவா. அவ கையப் பாத்துட்டு நான் கண்ண மூடீட்டு ஓட்டுவேன். ஒரு தடவ கூடத் தப்புனதில்ல.

அதனாலதான் சொல்றேன், இது துரோகம். தெரியாதவன் பண்ணுனா அது தப்பு. கூட இருந்து பண்ணுனா அதுக்குப் பேரு வேறங்க.

எங்க கிளப்புல முதல் வண்டின்னு ஒண்ணு உண்டு. செவப்பு ஸ்டிக்கர்ல ஒண்ணாம் நம்பர் ஒட்டுவாங்க. அது போற தடத்துலதான் பின்னால பத்தொம்பது வண்டியும் வரும். முதல் வண்டி தப்பாப் போச்சுன்னா அத்தனையும் தப்பாப் போகும். அதனால நம்பிக்கையான ஆளுகிட்டத்தான் குடுப்பாங்க. ஒம்பது வருசமா அது நான்தான். அந்த ஸ்டிக்கர் ஒட்டுன தடம் இன்னம் இருக்குது பாருங்க, பானட்டு மேல. செக்ரட்டரி குப்புராஜு என்னைய விட பத்து வயசு சின்னவன், அண்ணா அண்ணான்னுதான் கூப்புடுவான். எனக்கு வேற என்னங்க வேணும்? சொத்து சேத்தாச்சு, மகளக் கட்டிக் குடுத்தாச்சு. அந்த ஒண்ணாம் நம்பர்தான் எனக்கு இருந்துது.

இந்த ஐப்பசியில மழை சித்த விட்டதும் ஏற்காட்டுக்குப் பின்னால நாங்க வருசா வருசம் போற காப்பித் தோட்டத்துக்குப் போறதா ஏற்பாடு. வெள்ளிக்கிழம சாயங்காலம் பெட்டி கட்டறப்பவே இவ ஆரம்பிச்சுட்டா. "ஏனுங்க மாமா, இந்த ஒரு தடவ முதல் வண்டி வேண்டாமுங்க." ஏன்னு கேட்டேன். "கண்ணக் காட்டீட்டு அப்பறம் போலாமுங்க"ன்னா.

கண்ணு ஒண்ணும் இல்லீங்க. ரெண்டு வருசமா இடது கண்ணுல சித்தப் பொகை அடிச்சாப்பல இருக்குது, அவ்வளவுதான். வயசு அறுபத்தொண்ணு, ஆருக்குத்தான் இல்ல? ஆசுபத்திரிக்கு வாங்க, ஆசுபத்திரிக்கு வாங்கன்னு ஒரே நச்சரிப்பு. நம்ம கண்ணு நமக்குத் தெரியாதுங்களா? இவளும் ரெண்டு வருசமா ஒரு தினுசாத்தான் இருந்தா. முன்னெல்லாம் எங்க தோதோ அங்க நின்னு கை காட்டுவா. இந்த ரெண்டு வருசமா எப்பப் பாரு எனக்கு வலது பக்கமாத்தான் நிப்பா. வெயிலுக்குத்தான் அப்படி நிக்கறாளாட்ட இருக்குதுன்னு நானும் விட்டுட்டேன்.

சரி. சனிக்கிழம காலைல தோட்டத்து பங்களா முன்னால எல்லாரும் கூடியாச்சு. புள்ளகுட்டியோட நாப்பது, அம்பது பேரு. குப்புராஜு காகிதத்த எடுத்து நம்பர் படிக்கறான். "முதல் வண்டி, மெல்வின்." நான் சிரிச்சனுங்க. தமாசு பண்றான்னு நெனச்சேன். மெல்வின் குன்னூர்க்காரன், கிளப்புக்கு வந்து நாலு வருசம் ஆகுது. மொத விதிய மூணு தடவ திருப்பிச் சொல்ல வெச்சனே, அதுல அவனும் ஒருத்தன். அவன் தலையக் குனிஞ்சுட்டு நிக்கறான்.

"குப்புராஜு, என்னப்பா இது?"ன்னு கேட்டேன். அவன் என்னையப் பாக்கலீங்க. வசந்தாமணியப் பாத்தான்.

அவ முன்னால வந்தா. அத்தன பேரு முன்னால, நெதானமா, மளிகைச் சாமான் சொல்றாப்பல சொன்னா. "இவருக்கு இடது கண்ணு தெரியறதில்லீங்க. ரெண்டு வருசமா நான்தான் பாத்துச் சொல்லிட்டு வர்றேன். பின்னால பத்தொம்பது வண்டில புள்ளைக வருது. இனி எனக்கு மனசு கேக்குலீங்க."

கெரகம்! நெஞ்சு அப்படியே வெந்து போச்சுங்க. ஊட்டுல நாலு செவுத்துக்குள்ள என்ன வேணாச் சொல்லீட்டுப் போ, நான் கேக்கறனோ இல்லியோ, அது வேற. வெளிய, அத்தன பேரு முன்னால, எனக்கு முன்னாலயே குப்புராஜுகிட்டப் பேசி வெச்சு, கூட இருந்தே குழி பறிச்சுட்டா பாருங்க. ஒருத்தி "ஐயோ பாவம்"னா. எனக்குங்க. என்னையப் பாத்து ஐயோ பாவம்.

எனக்கு எந்த நம்பர் குடுத்தாங்க தெரியுங்களா? பதினொண்ணு. நடுவுல. புதுசா வர்றவங்களப் பத்திரமா முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு வெச்சுக் கூட்டீட்டுப் போற எடம். திரும்பி ஊட்டுக்கு வந்திருக்கோணும். எனக்கு ரோசம். போயித்தான் காட்டுவோம்னு நின்னுட்டேன்.

அன்னிக்குப் பூரா அவகூட ஒரு பேச்சுக் கெடையாது. அவ எப்பவும் போல முன்னால போயி நின்னா, கை காட்டுனா, நானும் போனேன். மூணு ஓடை, ஒரு சேத்துப் பள்ளம். ஒரு எடத்துல கூட சிக்குல. மத்தியானம் தக்காளிச் சோத்துப் பொட்டலத்தப் பிரிச்சு என்ற வலது கையில குடுத்தா. வாங்காம எந்திரிச்சுப் போயி மெல்வின் ஊட்டுக்காரிகிட்டக் கேட்டு வாங்கித் தின்னேன். அவ மொகம் சுருங்கிப் போச்சு. சுருங்கட்டும்னு விட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழம காலைல மொட்டைப்பாறை ஏத்தம். அதுதானுங்க அந்தத் தோட்டத்துலயே பெரிய எடம். வலது பக்கம் மேடு, இடது பக்கம் இருபது அடிப் பள்ளம், கீழ ஓடை. மழை அந்த இடது ஓரத்தக் கொஞ்சம் அரிச்சுப் போட்டிருந்துது. ஒம்பது வருசம் அந்தப் பாறைய மொத ஆளா ஏறுனவன் நானு. அன்னிக்கு எனக்கு முன்னால பத்து வண்டி ஏறிப் போயாச்சு, அவனுக எல்லாம் மேல நின்னு என்னைய வேடிக்கை பாக்கறானுக.

வசந்தாமணி வலது பக்கத்துப் பாறை மேல நிக்கறா. ஆரஞ்சு ஜாக்கெட்டு. வான்னு கை ஆட்டுனா. லோ கியரப் போட்டு ஏத்துனேன். பாதி வந்தாச்சு. வண்டி மொகம் மேல தூக்கி நிக்குது. அவளப் பாக்கறேன்.

ஆளக் காணோமுங்க.

வெறும் பாறை நிக்குது. பாதிப் பாறையில, பள்ளத்து ஓரத்துல, என்னைய நட்டாத்துல விட்டுட்டுப் போயிட்டா. நேத்துப் பேரக் கெடுத்தா, இன்னிக்கு உசுருக்கே உலை வெச்சுட்டாளான்னு எனக்கு ரத்தம் கொதிச்சுருச்சு. சோத்த வாங்குலீன்னு கோவம், அதுக்கு இந்த எடத்துலயா காட்டறது?

நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு தெரியும். கைகாட்டியக் காணோம்னா நிக்கோணுமே, நீங்கதான மூணு தடவ சொல்ல வெச்சீங்கன்னு. குப்புராஜும் அதத்தான் கேட்டான். அதெல்லாம் புதுசா வர்றவங்களுக்குச் சொல்றதுங்க. நான் அந்தப் பாறைய ஒம்பது வருசமா ஏறுனவன். நீ இல்லாட்டி நான் ஏற மாட்டனான்னு ஒரே மிதி மிதிச்சேன்.

வண்டி இடது பக்கமா ஒரு இழுப்பு இழுத்துது. சக்கரத்துல ஏதோ கல்லு மாட்டுனாப்பல மெத்துன்னு ஒரு சத்தம். மேல நின்னவனுக எல்லாம் ஒரே கத்தல். "நிறுத்துங்கண்ணா, நிறுத்துங்க!" அப்பத்தான் பிரேக்கப் போட்டேன். மெல்வின் அவன் வண்டில இருக்கற கம்பிவடத்த இழுத்துக் கொண்டாந்து என்ற வண்டிய மாட்டிப் புடிச்சான். ஒரு அடி தள்ளிப் போயிருந்தா ஓடையிலதான்.

அது கல்லு இல்லீங்க. அவ காலு. சக்கரத்துக்கும் பாறைக்கும் நடுவுல சிக்கிருச்சு. மூணு எலும்பு.

ஏன் அங்க போயி நின்னா? அதான் கேக்கறேன். பள்ளத்து ஓரத்துல, சக்கரத்துக்குப் பக்கத்துல, புத்தி இருக்கற ஆரு போயி நிப்பாங்க? கேட்டா அவனுக என்ன சொல்றானுக, இடது ஓரம் பேந்து விழுகற சத்தம் கேட்டுச்சாம், வலது பக்கம் இருந்து பாத்தா அது தெரியாதாம், அதனால வண்டிக்கு முன்னால ஓடி இந்தப் பக்கம் வந்து ரெண்டு கையையும் தூக்கிக் குறுக்க வெச்சுட்டு கத்துனாளாம். மெல்வின் ஊட்டுக்காரி போன்ல வீடியோ எடுத்து வெச்சிருக்குது. மருமகன் கூட எனக்குப் போட்டுக் காட்டுனான். அதுல அப்படித்தான் தெரியுதுங்க. கண்ணாடிக்கு நாலடி தள்ளி நிக்கறா. ஆனா வீடியோ எடுத்த கோணம்னு ஒண்ணு இருக்குதல்லங்க? பக்கத்துல இருக்கறது தூரமாத் தெரியும், தூரமா இருக்கறது பக்கத்துல தெரியும்.

சேலம் ஆசுபத்திரிக்குக் கூட்டீட்டுப் போகையில பின் சீட்டுல கால நீட்டிப் படுத்திருக்கா. ஒரு அழுகை இல்ல. என்னையத் திட்டவும் இல்ல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "மாமா, நான் எங்க நின்னேன்?"

"பாறை மேல இருந்து எறங்கிப் போயிட்டியே"ன்னேன்.

"அது சரிங்க. எறங்கி எங்க நின்னேன்?"

நான் மூஞ்சியத் திருப்பி ரோட்டப் பாத்துட்டு வந்தேன். மெல்வின்தான் வண்டி ஓட்டீட்டு இருந்தான். அப்பறம் இன்னிக்கு வரைக்கும் அவ அதக் கேக்கவே இல்லீங்க. கேட்டிருந்தா ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். கேக்காம இருக்கறாளே, அதத்தான் என்னால பொறுக்க முடியல.

அதனாலதான் விக்கறேன். கைகாட்டி இல்லாத வண்டி எனக்கு எதுக்கு? அவ என்னடான்னா விக்க வேண்டாமுங்க, கண்ணக் காட்டீட்டு வந்து எப்பவும் போல ஓட்டுங்கன்னு சொல்றா. நீ சொல்லி நான் கேக்கறதெல்லாம் அந்தச் சனிக்கிழமையோட போச்சுடின்னுட்டேன். அவ கண்ணு முன்னாலயே இது கேட்டத் தாண்டிப் போகோணும். அப்பத்தான் அவளுக்குத் தெரியும், பதினொரு வருசத்த எப்படிப் போட்டு ஒடைச்சான்னு.

இந்தா, காப்பி வருது. பாத்து வா அம்மிணி, அந்தத் தடிய நல்லா ஊனு. எதுக்கு நீ எடுத்தாந்தே, கூப்புட்டிருந்தா நான் வந்து வாங்கியிருப்பேன்ல. பாத்தீங்களா, உங்களுக்கு மேசை மேல வெச்சா, எனக்கு மட்டும் கையிலயே குடுப்பா. நான் தட்டி விட்டுருவேன்னு நெனப்பு. ரெண்டு தடவ தட்டுனதுக்கு இந்தப் பேரு. சரி, மூணு தடவ.

என்னது? என்னமோ இவர்கிட்டச் சொல்றியே? வண்டிய அவரே வெளிய எடுக்கட்டுமா? ஏன், நான் எடுக்க மாட்டனா? கேட்டீங்களா? இன்னம் என்ற மானத்த வாங்கி முடியுல. நீ உள்ள போ. இல்லீன்னா அந்தப் படிக்கிட்ட நில்லு. என்ற வண்டிய நான்தான் வெளிய எடுத்து இவர் கையில குடுப்பேன்.

வாங்க, நீங்க எந்திரிங்க. சித்த முன்னால போயி கேட்டுக்கிட்ட நின்னு கை காட்டுங்க. ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, வான்னா கைய ஆட்டுங்க, போதும்னா ரெண்டு கையையும் தூக்கிக் குறுக்க வெச்சுருங்க. நீங்க கண்ணுக்குத் தெரியலீன்னா நான் நின்னுருவேன், பயப்படாதீங்க.

சத்தத்தக் கேளுங்க. கூண்டுல கெடந்த புலியாட்டம் ஒரே உறுமல்ல எந்திரிக்குது பாருங்க. சரி, வரட்டுங்களா? கைய ஆட்டுங்க. ஆங், தெரியுது, தெரியுது. வர்றேன். இன்னம் வரலாமுங்களா? இன்னம்...

ஏனுங்க? எங்க போனீங்க?

ஏனுங்க உடுமலைக்காரரே! நடுவுல உட்டுட்டு எங்க போயிட்டீங்க? வண்டிய நிறுத்திட்டேன், எங்க இருக்கறீங்க?

என்ன, அங்கயா? தூண் பக்கத்துலயா இருக்கறீங்க? சத்தம் இடது பக்கமாக் கேக்குதுங்களே. எப்பப் போனீங்க அங்க?

வண்டி தூணப் பாத்து வர்றதக் கண்டதும் போனீங்களா? எத்தன நேரமா நிக்கறீங்க? கையத் தூக்கி வெச்சீங்களா? ரெண்டு கையுமா? கத்துனீங்களா? இஞ்சின் சத்தத்துல எனக்குக் கேக்குலீங்க.

எத்தனை அடி இருக்குமுங்க, உங்களுக்கும் கண்ணாடிக்கும்?

நாலடி.

சாமி. நாலடி.

நீங்க நகந்துக்குங்க. சாவி வண்டிலயே இருக்குது, நீங்களே வெளிய எடுத்துக்குங்க. இல்ல, எடுக்க வேண்டாம், இருங்க. எதுக்கும் சித்த இருங்க. நான் எறங்கிக்கறேன்.

அம்மிணி. வசந்தா. உள்ள போயிட்டியா? கால வெச்சுட்டு நீ வராத, நான்தான் வர்றேன். எந்தப் பக்கம் நிக்கறே நீ? ஒரு வார்த்தை பேசு.